ஒரே ஊரில் இரண்டு ஏர்போர்ட்: குமரி மாவட்டத்துப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் ஒரு டிக்கெட் கடையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். முன்பெல்லாம் என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரே வழிதான்: திருவனந்தபுரத்தில் ஏறினால் கல்ஃபில் இறங்குவது. இப்போது அப்படி இல்லை. லண்டனுக்கும் ஜெர்மனிக்கும் நர்ஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள், கப்பலில் சேரப் போகிற பையன்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற அப்பா அம்மா என்று பல மாதிரி வருகிறார்கள். போனிலேயே டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம் அந்தத் தாளை என்னிடம் காட்டி விளக்கம் கேட்கிறவர்களும் நிறைய. அவர்கள் கேட்டதில் ஒரு விஷயத்தை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்: ஒரு பெரிய ஊரில் ஒரு ஏர்போர்ட்டில் இறங்கி, அதே ஊரின் இன்னொரு ஏர்போர்ட்டில் ஏறுவது.

"அண்ணே, டிக்கெட்டில் 'லண்டன், காத்திருப்பு 5 மணி 10 நிமிடம்' என்று போட்டிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும்தானே?"

ஊர்ப் பெயரைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருக்கும் மூன்று எழுத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஏர்போர்ட்டுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. லண்டனில் ஹீத்ரோ எல்.எச்.ஆர்., கேட்விக் எல்.ஜி.டபிள்யூ. இவை போக ஸ்டான்ஸ்டெட், லூட்டன், லண்டன் சிட்டி என்று இன்னும் இருக்கின்றன. இறங்குகிற இடத்தில் ஒரு குறியீடும் ஏறுகிற இடத்தில் வேறொரு குறியீடும் இருந்தால் நீங்கள் ஏர்போர்ட் மாற வேண்டும். சில தளங்கள் இதைச் சிறிய எழுத்தில் ஒரு வரியாகக் காட்டும். சிலவற்றில் அந்த வரியைத் தட்டினால்தான் விரியும்.

ஹீத்ரோவிலிருந்து கேட்விக்குக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 65 கிலோமீட்டர். அதாவது வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி தம்பானூரில் இறங்குகிற தூரம். 'ஒரே ஊர்தானே' என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். நாகர்கோவிலில் ஒரு ஃபிளைட், திருவனந்தபுரத்தில் அடுத்தது என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

விசா வேண்டுமா? நான் அந்த நாட்டுக்குப் போகவில்லையே, கடந்துதானே போகிறேன்?

இந்தக் கேள்வியை டிக்கெட் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். ஆனால் முக்கால்வாசிப் பேர் போட்ட பிறகுதான் கேட்கிறார்கள்.

ஒரே ஏர்போர்ட்டுக்குள் மாறினால் பெரும்பாலும் நீங்கள் இமிக்ரேஷனை, அதாவது பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டுவதில்லை. ஏர்போர்ட் மாறினால் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த நிமிடமே நீங்கள் அந்த நாட்டுக்குள் நுழைந்தவர். இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குள் அப்படி நுழைந்து வெளியேற டிரான்சிட் விசிட்டர் விசா தேவை. அது 48 மணி நேரம் வரைக்கும்தான். உள்ளேயே மாறுகிறவர்களுக்கு வேறொரு டிரான்சிட் விசா உண்டு, அதை வைத்துக்கொண்டு வெளியே வர முடியாது. பெயர் ஒன்று போல இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் செல்லுபடியாகும் விசாவோடு அந்த நாட்டுக்கே போகிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. விமானத்தில் வந்து, மறுநாள் நள்ளிரவுக்குள் விமானத்திலேயே கிளம்புவதற்கு உறுதியான டிக்கெட் இருந்தால் தனி விசா இல்லாமல் கடக்கலாம். ஆனாலும் விடுவதா வேண்டாமா என்பது கவுண்டரில் இருக்கும் அதிகாரியின் முடிவு. பிரிட்டனில் வேலை விசாவோ விசிட் விசாவோ ஏற்கெனவே இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பிய ஒரு அம்மாவின் கதை இது. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசிட் விசா கையில் இருந்தது. மருமகன் மலிவாகக் கிடைத்தது என்று ஹீத்ரோ வரை ஒரு டிக்கெட்டும் கேட்விக்கிலிருந்து இன்னொரு டிக்கெட்டும் போட்டிருந்தார். திருவனந்தபுரம் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். ஷெங்கன் விசிட் விசா பிரிட்டனுக்குள் கால் வைக்க உதவாது. விசா இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம், அதனால் அவர்கள் ஏற்றவே மாட்டார்கள். அந்த அம்மா காலையில் பெட்டியோடு திரும்பி வந்து என் கடைப் படியில் உட்கார்ந்து, "மக்கா, எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருந்தா இது நடந்திருக்குமா?" என்று கேட்டார். வாசிக்கத் தெரிந்த மருமகனே பார்க்காமல் விட்ட வரி அது. அன்றிலிருந்து யார் எந்தத் தாளைக் கொண்டு வந்தாலும் முதலில் அந்த மூன்று எழுத்துக்களை வட்டம் போட்டுத்தான் திருப்பித் தருகிறேன்.

பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போய்விடுமா?

போகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் செய்யும்போது பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளமான சீட்டைச் சுற்றி ஒட்டுவார்கள். அதிலும் கொட்டையாக மூன்று எழுத்து இருக்கும். எல்.எச்.ஆர். என்று இருந்தால் பெட்டி ஹீத்ரோவில் உங்களுக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும், நீங்கள்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கவுண்டரை விட்டு நகரும் முன் அந்தச் சீட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். புரியவில்லை என்றால், "பெட்டியை நான் எங்கே எடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். தமிழிலோ மலையாளத்திலோ கேட்டாலும் திருவனந்தபுரத்தில் பதில் கிடைக்கும்.

பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் அந்த நாட்டுச் சுங்கச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். இதை யாரும் யோசிப்பதில்லை. பிரிட்டனுக்குள் இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. மகளுக்கு ஆசையாகக் கட்டிய பால்கோவாவும் பீஃப் ஊறுகாயும் இதில் அடங்கும். நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக்கொத்து, நல்லமிளகு போன்றவற்றுக்குப் பிரச்சினை இல்லை. இன்னொன்று: வரும் வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில் கைப்பையில் இருந்தால், அடுத்த ஏர்போர்ட்டின் பாதுகாப்புச் சோதனையில் அதைப் பறித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வெளியே வந்ததும் பெரிய பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள்.

ஐந்து மணி நேரம் போதுமா?

இதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது எப்படிச் செலவாகிறது என்று தெரிந்தால்தான் நீங்களே கணக்குப் போட முடியும். பகல் 12.30க்கு ஹீத்ரோவில் சக்கரம் தரையைத் தொடுகிறது என்று வையுங்கள்.

கதவு திறந்து நீங்கள் நடக்கத் தொடங்கும்போது 12.50. அங்கிருந்து இமிக்ரேஷன் ஹால் வரை நீள நடை. வரிசை சுருக்கமாக இருந்தால் அரை மணி, மூன்று பெரிய விமானங்கள் ஒன்றாக வந்திருந்தால் ஒன்றரை மணி. நடுவில் வைத்து 2 மணி என்போம். பெட்டி எடுத்து வெளியே வரும்போது 2.20. பஸ் நிலையத்தைத் தேடிப் போய்ச் சேர 2.45. அடுத்த பஸ் 3.10க்கு. பாதையில் எம் 25 என்ற சுற்றுச்சாலை இருக்கிறது, நம்ம களியக்காவிளை ஜங்ஷன் போலவே அதுவும் யார் சொல்லுக்கும் கட்டுப்படாது. கேட்விக் போய் இறங்கும்போது 4.30. சரியான டெர்மினலுக்குப் போய்ப் பெட்டி போடும் வரிசையில் நிற்கும்போது 4.50. அந்தக் கவுண்டரைப் பெரும்பாலும் விமானம் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதாவது உங்கள் விமானம் 5.50க்கு முன்னால் இருந்தால் போச்சு. எதுவும் தப்பாகப் போகாத நாளிலேயே ஐந்து மணி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

அதனால் என் கணக்கு இது. ஒரே டிக்கெட்டில் இருந்தால் ஆறு மணி நேரம். தனித்தனி டிக்கெட் என்றால் எட்டு மணி நேரம், அல்லது அந்த ஊரில் ஒரு இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை ஏறுவது. தங்கும் செலவையும் சேர்த்து அந்த 'மலிவு' டிக்கெட்டின் விலையை மறுபடி கூட்டிப் பாருங்கள். பல நேரம் மலிவு காணாமல் போய்விடும்.

ஒரே டிக்கெட், தனித்தனி டிக்கெட், என்ன வித்தியாசம்?

ஒரே புக்கிங் எண்ணில் முழுப் பயணமும் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறொன்றில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் முதல் விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அதே டிக்கெட்டில் திரும்பும் பயணமும் இருந்தால் பெரும்பாலும் அதையும் ரத்து செய்துவிடுவார்கள்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இரண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவில் ஆகும் பஸ், ரயில் செலவு பொதுவாக உங்களுடையது.

சரி, ஹீத்ரோவிலிருந்து கேட்விக் எப்படிப் போவது?

பெரிய பெட்டிகள் இருந்தால் நான் பஸ்ஸைத்தான் சொல்வேன். நேஷனல் எக்ஸ்பிரஸ் கோச் ஹீத்ரோவிலிருந்து நேராக கேட்விக் போகிறது. பெட்டியை அடியில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம், நடுவில் இறங்கி ஏற வேண்டியதில்லை. சாலை சரியாக இருந்தால் ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி. ஹீத்ரோவின் மத்திய பஸ் நிலையம் 2, 3ஆம் டெர்மினல்களுக்கு நடுவில் இருக்கிறது. எமிரேட்ஸில் வருகிறவர்கள் 3இல் இறங்குவதால் நடந்தே போய்விடலாம். கத்தார் ஏர்வேஸ், எத்திஹாட் 4இல் வரும். அங்கிருந்து 2, 3க்கு ரயில் இலவசம், மெஷினில் இலவச டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். 1ஆம் டெர்மினல் எங்கே என்று தேட வேண்டாம், அதை 2015இலேயே மூடிவிட்டார்கள்.

கைப்பை மட்டும் இருக்கிற இளைஞர்களுக்கு ரயில் நல்லது. சாலை நெரிசல் அதைத் தொடாது. ஹீத்ரோவில் எலிசபெத் லைனில் ஏறி ஃபாரிங்டனில் இறங்கி, அதே நிலையத்தில் தேம்ஸ்லிங்க் ரயிலுக்கு மாறினால் கேட்விக். ஒரே ஒரு மாற்றம்தான். பாதாள ரயிலில் மாறி மாறிப் போகச் சொல்லி மேப் காட்டும். பெட்டியோடு அந்தப் படிக்கட்டுகள் வேண்டாம்.

கேட்விக்கில் வடக்கு, தெற்கு என்று இரண்டு டெர்மினல். ரயில் நிலையம் தெற்கில். இரண்டுக்கும் நடுவில் இலவசமாக ஒரு குட்டி ரயில் ஓடுகிறது, சில நிமிடப் பயணம்தான்.

பணம் பற்றி ஒன்று. 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி நம் ஊர்ப் புதிய கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே திறந்துவிட வேண்டும், தட்டிச் செலுத்தும் வசதியையும் சேர்த்து. வீட்டை விட்டு இறங்கும் முன் செய்யுங்கள். அங்கே போய்ச் செய்யலாம் என்றால் ஓ.டி.பி. வருகிற சிம் வேலை செய்யாமல் போகலாம்.

மும்பை வழியாகப் போகிறேன். உள்நாடுதானே, அதில் என்ன குழப்பம்?

குழப்பம் அங்கேயும் உண்டு. மும்பையின் பழைய ஏர்போர்ட்டுக்குக் குறியீடு பி.ஓ.எம். அதற்குள்ளேயே சாந்தாகுரூஸ் பக்கம் 1ஆம் டெர்மினல், அந்தேரி சஹார் பக்கம் 2ஆம் டெர்மினல். வெளிநாட்டு விமானங்கள் 2இல். ஓடுபாதைகள் பொதுதான் என்றாலும் இரண்டும் தனித்தனி வாசல், நடுவே மும்பைச் சாலை. 2024 அக்டோபரில் தொடங்கிய மெட்ரோ 3ஆம் பாதையில் இரண்டு டெர்மினலுக்கும் நிலையம் இருக்கிறது, நடுவில் சஹார் ரோடு என்று ஒரே ஒரு நிலையம். ஆட்டோவில் மாட்டிக்கொள்வதைவிட அது மேல்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. நவி மும்பை ஏர்போர்ட்டில் 2025 டிசம்பர் 25 முதல் விமானங்கள் பறக்கின்றன, குறியீடு என்.எம்.ஐ. பன்வேல் பக்கம் இருக்கிறது, பழைய ஏர்போர்ட்டிலிருந்து 35, 40 கிலோமீட்டர். 'மும்பை' என்று மட்டும் பார்த்துவிட்டு உள்நாட்டு டிக்கெட்டை என்.எம்.ஐ.க்குப் போட்டுவிட்டால், வெளிநாட்டு விமானத்துக்காக ஊரைத் தாண்டி ஓட வேண்டும். விசா தொல்லை இல்லை என்பதுதான் ஆறுதல். இதற்கும் ஐந்து மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் கூட்டுங்கள். திரும்பி வரும்போது சுங்கச் சோதனை மும்பையிலேயே முடியும் என்பதால் பெட்டியை அங்கே எடுத்தே ஆக வேண்டும்.

ஷார்ஜாவில் இறங்கி துபாயில் ஏறலாமா? டிக்கெட் நல்ல லாபமாக இருக்கிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தின் குடியிருப்பு விசா உள்ளவர்களுக்குச் சரி. மற்றவர்கள் விசா இல்லாமல் ஷார்ஜா ஏர்போர்ட்டை விட்டு வெளியே வர முடியாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 48 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் டிரான்சிட் விசா உண்டு, கிளம்பும் முன்பே விமான நிறுவனம் மூலமாக எடுக்க வேண்டும். தூரம் அதிகமில்லை, அரை மணியில் போய்விடலாம். ஆனால் வேலை நாள் காலையில் ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குப் போகும் சாலையைப் பற்றி அங்கே இருந்த உங்கள் சித்தப்பாவிடமோ மச்சானிடமோ கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். துபாய் டிக்கெட்டிலும் டி.எக்ஸ்.பி.யா டி.டபிள்யூ.சி.யா என்று பாருங்கள். இரண்டாவது ஊரின் மறுகோடியில், ஜெபல் அலி பக்கம்.

வேறு எந்த ஊர்களில் கவனம் வேண்டும்?

பாரிஸில் சார்ல் த கோல் வடக்கே, ஓர்லி தெற்கே, இடையில் ஊர் முழுவதும். ஷெங்கன் விசா வேண்டும். இஸ்தான்புல்லில் ஒன்று ஐரோப்பாக் கரையில், சபிஹா கோக்சென் ஆசியாக் கரையில், நடுவில் பாஸ்பரஸ் நீரிணை. டோக்கியோவில் நரிதாவும் ஹனேதாவும், பஸ்ஸும் நேர் ரயிலும் உண்டு, விசா இல்லாமல் முடியாது. நியூயார்க்கில் ஜே.எஃப்.கே.யிலிருந்து நியூவார்க் போவது ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போவது. அமெரிக்காவில் ஒரே ஏர்போர்ட்டில் மாறினாலும் விசா வேண்டும் என்பதால் அங்கே போகிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கும். பாங்காக்கில் சுவர்ணபூமிக்கும் டான் மியாங்குக்கும் நடுவில், அடுத்த டிக்கெட்டைக் காட்டினால் இலவச பஸ்.

அப்பா அம்மாவை இப்படி ஒரு டிக்கெட்டில் அனுப்பலாமா? பதினைந்தாயிரம் மிச்சம் ஆகிறது.

வேண்டாம். தனியாகப் பயணம் செய்யும் வயதானவர்களுக்கு ஏர்போர்ட் மாறும் டிக்கெட்டை நான் போட்டுத் தருவதில்லை. வீல்சேர் கேட்டால் விமானக் கதவிலிருந்து வருகை ஹால் வரை தள்ளிக்கொண்டு வருவார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. அங்கிருந்து இன்னொரு ஏர்போர்ட்டின் வாசல் வரை உள்ள அந்த 65 கிலோமீட்டருக்கு யாரும் இல்லை. குளிரில், இரண்டு பெரிய பெட்டியோடு, மொழி தெரியாத ஊரில் பஸ் தேடும் உங்கள் அம்மாவை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

போயே ஆக வேண்டும் என்றால் அந்த ஊரில் இருக்கும் நம்ம ஆள் ஒருவரை வருகை ஹாலில் நிற்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு அட்டையையும் வைத்து அனுப்புங்கள். ஒரு பக்கம் தமிழில் அவர்களுக்கு: எங்கே இறங்குவது, பெட்டி எடுப்பது, யார் வருவார். மறுபக்கம் ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கு: 'நான் இந்த ஏர்போர்ட்டுக்குப் போக வேண்டும், இந்த விமானம், இந்த நேரம், இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.' பேனாவில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் அட்டை இருக்கும்.

திருவனந்தபுரத்திலேயே மாற வேண்டியது இருக்குமா?

இருக்கும். அங்கே ஓடுபாதைக்குச் சங்குமுகம் கடற்கரைப் பக்கம் 1ஆம் டெர்மினல், சாக்கை பக்கம் 2ஆம் டெர்மினல். கல்ஃபிலிருந்து 2இல் வந்து இறங்கி, சென்னைக்கோ பெங்களூருக்கோ 1இல் ஏற வேண்டியிருந்தால் சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து கார் பிடித்து வருகிறவர்களும் டிரைவரிடம் எந்த டெர்மினல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு நான் தவறாமல் சொல்வது ஆராட்டு, அதாவது சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம். பத்மநாபசுவாமி கோயில் பங்குனி ஆராட்டும் ஐப்பசி ஆராட்டும் சங்குமுகத்துக்குப் போகும்போது ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் போகிறது. வருடத்தில் அந்த இரண்டு நாள் மாலையில் சில மணி நேரம் ஓடுபாதையை மூடி, விமான நேரங்களை மாற்றுவார்கள். ஒரு முறை சின்ன வயதில் தாத்தாவோடு போய் அந்த ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறேன், மறக்க முடியாத காட்சி. ஆனால் அன்று முதல் விமானம் மூன்று மணி நேரம் தள்ளிப்போனால், பாதி உலகத்துக்கு அப்பால் நீங்கள் மாற வேண்டிய ஏர்போர்ட்டில் அந்த மூன்று மணி நேரம் இருக்காது. பங்குனி, ஐப்பசியில் டிக்கெட் போடுகிறவர்கள் ஆராட்டுத் தேதியைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் ஊர்வலம் போகிற நாட்களில் தக்கலை, களியக்காவிளைச் சாலையிலும் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விமானம் தாமதம் என்று திருவனந்தபுரத்திலேயே தெரிந்துவிட்டால்?

ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். ஒரே டிக்கெட் என்றால் அந்தக் கவுண்டரிலேயே அடுத்த விமானத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், புதிய நேரம் அச்சான தாளைக் கையில் வாங்குங்கள். தாமதத்துக்கான சான்றுக் கடிதமும் கேட்டு வாங்குங்கள், பயணக் காப்பீடு இருந்தால் அதுதான் ஆதாரம். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உடனே போன் செய்து தேதி மாற்றுங்கள். விமானம் கிளம்பும் முன் மாற்றினால் கட்டணத்தோடு முடியும், கிளம்பிய பிறகு அந்த டிக்கெட் வெறும் தாள். விசாவின் 48 மணி நேரக் கணக்கையும் கூடவே பாருங்கள், புதிய நேரம் அதற்குள் அடங்குகிறதா என்று.